திம்பம் மலைப்பாதையில் பழைய கார்கள்

27 டிசம்பர் 2024, வெள்ளி

எங்கள் பழைய கார் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கான பாதை முடிவாகிவிட்டது. கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறி, ஆசனூர் கடந்து தாளவாடி சென்று, பொழுது சாயுமுன் மலையிறங்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2022 உத்தரவுக்குப் பின் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கார்களுக்கு இரவு 9 மணி வரை அனுமதி உண்டு என்றாலும், எங்கள் சங்கத்து வண்டிகளின் மங்கலான முகப்பு விளக்குகளை நம்பி அந்நேரத்தில் இறங்க எவரும் துணியமாட்டார்கள்.

என் பழைய பத்மினி காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தி நிறுத்தும் வகை) என்பதால், இன்று மாலை முழுவதும் அதைச் சரிபார்ப்பதிலேயே கழிந்தது.

29 டிசம்பர், ஞாயிறு

விடியுமுன், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்துத்தான் வண்டிகளைக் கிளப்ப முடிந்தது. புளியம்பட்டி தாண்டும் வரை வயல்களின் மேல் பனி படர்ந்திருந்தது. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும் என்று சத்தியமங்கலத்துத் தேநீர்க் கடையில் பூ விவசாயி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அம்பாசிடர்களைப் பார்த்ததும் பேச்சு அவருடைய தகப்பனார் ஓட்டிய வாடகைக் காருக்குத் தாவிவிட்டது.

பண்ணாரி அம்மனை வணங்கிவிட்டு ஏறத் தொடங்கினோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் பழைய கார்களுக்கு வேகம் பெரிய கவலையில்லை. முன்னால் செல்லும் லாரி வளைவில் திணறும்போது நடுவழியில் நிற்க நேர்வதே கவலை. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் முன் வண்டி முழுதாகத் திரும்பி முடிக்கும் வரை பின் வண்டி கீழேயே காத்திருந்தது. அரசுப் பேருந்து இறங்கும்போது வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஹாரன் ஒலி கேட்டதுமே ஒதுங்கிக்கொண்டோம். மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதியைப் பேருந்தின் நீளத்திடம் வாதாடிப் பயனில்லை.

ஆசனூருக்கு அப்பால், காரப்பள்ளம் சோதனைச்சாவடி வருமுன், கரும்பு லாரி ஒன்றின் பின்னால் நின்றோம். சாலையோரத்தில் தாய் யானையும் குட்டியும் நின்றிருந்தன. லாரிகளிலிருந்து கரும்பு விழும் என்பதை அறிந்து, இந்தச் சாலையில் யானைகள் காத்து நிற்பது வழக்கமாகிவிட்டது. புகைப்படத்துக்காக இறங்க முயன்ற புதிய உறுப்பினரைத் தலைமை வண்டிக்காரர் கடுமையாகவே தடுத்தார். அது சரிதான், புலிகள் காப்பகத்துக்குள் காரைவிட்டு இறங்குவது விதிமீறல் என்பது ஒருபுறமிருக்க, குட்டியுடன் நிற்கும் யானையின் முன் பின்னோக்கி எடுக்கவும் இடமில்லாமல் வரிசையாக நிற்பதே போதுமான ஆபத்து. யானைகள் காட்டுக்குள் நகர்ந்த பிறகே லாரி கிளம்பியது.

தாளவாடியில் முட்டைக்கோசும் ராகியும் விளையும் வயல்களுக்கிடையே கொஞ்சம் உலவினோம். கன்னடமும் தமிழும் கலந்து பேசும் அவ்வூரில் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தன.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, ஷூவிலிருந்து விலக, மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். இரண்டாம் கியரிலேயே இன்ஜின் வண்டியின் வேகத்தைப் பிடித்துக்கொள்ள விட்டு, வளைவுக்கு முன் மட்டும் ஒரே அழுத்தாக மிதித்து விட்டுவிடுவதே முறை. நடுவில் ஓர் அம்பாசிடரிலிருந்து ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தீயும் நெடி வந்ததும், அகலமான இடம் பார்த்து அதை ஒதுக்கி, சக்கரங்கள் ஆறும் வரை மற்றவர்கள் அடிவாரத்தில் பொறுத்திருந்தார்கள்.

30 டிசம்பர், திங்கள்

காலையில் முன்சக்கர டிரம்களைக் கழற்றிப் பார்த்தேன். லைனிங் இன்னும் தாங்கும்; வலப்புற டிரம்மில் மட்டும் சூட்டினால் நீலம் பாய்ந்திருக்கிறது. அதைக் கடைந்து சரிசெய்ய லேத் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். கொல்லிமலைக்குப் போகலாம் என்று சிலர் இப்போதே பேசுகிறார்கள். அங்கே 70 வளைவுகள். டிரம் திரும்பி வந்த பிறகே பதில் சொல்வேன்.