‘க’வில் தொடங்கும் சொற்கள்

என் பெயர் ‘க’வில் தொடங்கும். திக்கிப் பேசுகிற பலருக்கும் வாயில் வர மறுக்கிற முதல் சொல் சொந்தப் பெயர்தான். வேறு எந்தச் சொல் நின்றாலும் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். பெயருக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது.

23 வயதில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வியே பெயர். தொண்டை பூட்டிக்கொண்டது. காற்றும் வரவில்லை, ஒலியும் வரவில்லை. நான்கைந்து நொடிதான் இருக்கும். நடுவில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டே, “என்னம்மா, பெயர்கூட மறந்துபோச்சா?” என்றார். ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. அவருடைய குரல் மாறிவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, கொஞ்சம் உரக்க, சின்னக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசத் தொடங்கினார். நான் செய்திருந்த திட்டப்பணியை விளக்க இரண்டு வாரம் தயார் செய்திருந்தேன். அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. “டென்ஷன் ஆகாதீங்க, தண்ணி குடிங்க” என்றார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு அன்று டென்ஷன் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

திக்குவது பயத்தால் வருகிற பழக்கம் இல்லை. பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது. அவர்களில் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு. மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு. பேச்சின் கால ஒழுங்கைக் கவனிக்கிற மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்திலும் வேறுபாடு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பாடும்போதும் பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் எனக்குத் திக்காது. அதைப் பார்த்துவிட்டு, “பாட்டு வருதில்ல, அப்போ எல்லாம் மனசுதான்” என்று தீர்ப்புச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

மக்கள் ஏன் இப்படி நினைக்கிறார்கள் என்பதற்கு 1984-இல் இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. யாராக இருந்தாலும் பதற்றத்தில் சில நேரம் நாக்குத் தடுமாறும். அந்தச் சொந்த அனுபவத்தை வைத்துத்தான் எதிரில் இருப்பவரை அளக்கிறார்கள். எனக்குப் பதற்றத்தில் தடுமாறியது, இவளுக்கும் தடுமாறுகிறது, ஆகவே இவள் பயந்தவள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே இந்த முடிவுக்கு வந்துவிடலாம். அதனால்தான் நல்லவர்களும் வருகிறார்கள். பிற்காலத்தில் எனக்கு மிகவும் வேண்டியவர்களாகிவிட்ட சிலரும் முதல் சந்திப்பில் என்னை அப்படித்தான் நினைத்திருந்தார்களாம்.

அந்த நினைப்போடு சண்டை போட எனக்கு அப்போது தெம்பில்லை. ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே நாலு சொல் தள்ளி ஒரு ‘க’ நிற்பது எனக்குத் தெரிந்துவிடும். அங்கே போவதற்குள் மாற்றுச் சொல்லைத் தேடி எடுத்துவிடுவேன். கடிதம் என்று வந்தால் தபால். காரணம் என்று வந்தால் ‘ஏன்னா’ என்று வாக்கியத்தையே திருப்பிவிடுவேன். வெளியே கேட்கிறவர்களுக்குச் சரளமாகத்தான் இருக்கும். பத்து வருடம் இப்படி ஓட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பிழை கண்டுபிடிப்பதும் கேள்வி கேட்பதும்தான் வேலையே. இரண்டுமே ‘க’. “எனக்கு ஒரு கேள்வி” என்று சொல்ல முடியாமல், “எனக்கு ஒரு சந்தேகம்” என்பேன். கேள்வி கேட்பவர் எதிராளியின் வேலையைச் சோதிக்கிறார். சந்தேகம் கேட்பவருக்குப் பாடம் புரியவில்லை. உடனே யாராவது பரிவோடு முதலிலிருந்து விளக்க ஆரம்பிப்பார். நான் சுட்டிக்காட்ட வந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். “இந்தப் பிழையை நான் கண்டுபிடித்தேன்” என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “இப்படி ஒரு பிழை தெரியவந்தது” என்பேன். யாருக்குத் தெரியவந்தது, எப்படித் தெரியவந்தது, அதற்காக எத்தனை இரவு உட்கார்ந்தேன் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. நானே இல்லை. வருட மதிப்பீட்டில், ‘கடின உழைப்பாளி, தன்முனைப்புப் போதாது’ என்று எழுதினார்கள். படித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். பயந்த பெண் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பிலிருந்து தப்பிக்க நான் தேர்ந்தெடுத்த சொற்கள் ஒவ்வொன்றும் பயந்த பெண்ணின் சொற்களாகவே இருந்திருக்கின்றன.

கைநழுவிப்போன வேலை கணக்கில் வரும். கேட்காமல் விட்ட கேள்வி எந்தக் கணக்கிலும் வராது.

1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஓர் அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. அதை வழிநடத்திய பேராசிரியர் வெண்டல் ஜான்சன் தாமே திக்கிப் பேசியவர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், “உனக்குத் திக்க ஆரம்பித்திருக்கிறது, சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதே” என்ற பொருள்படத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் திக்குகிறவர்களாக மாறிவிட்டார்கள் என்பதற்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் ஆதாரம் காணவில்லை. ஆனால் அவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், கூச்சப்பட்டார்கள், வாயைத் திறக்கவே யோசித்தார்கள். பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்த இந்த விவரம் 2001-இல் ஒரு பத்திரிகை வழியாகப் பரவலாக வெளியே வந்தது; பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இதை முதன்முதலில் படித்த இரவு என்னால் தூங்க முடியவில்லை. அவர்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரு முத்திரை மட்டும்தான் குத்தப்பட்டது. அதற்கே அவர்கள் அடங்கிப்போனார்கள்.

நானும் ஒருவர்மேல் அந்த முத்திரையைக் குத்தியிருக்கிறேன். திக்கிப் பேசுகிறவர்களின் சுய உதவிக் குழு ஒன்றில் சேர்ந்த புதிது. ஓர் இளைஞர் தன் வாரம் எப்படிப் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார். “இந்த வாரம் எனக்கு ப... ப...” என்று நின்றுவிட்டார். கண்ணை இறுக மூடியிருந்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “பயமா இருந்துச்சா?” என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி முயன்றார். இன்னும் சில நொடி போனது. “பதவி உயர்வு” என்றார்.

என் வாழ்நாள் முழுக்க எனக்குச் செய்யப்பட்டதை, அதன் வலி தெரிந்த நானே, பத்து நொடிகூடப் பொறுக்காமல் அவருக்குச் செய்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, பழகிடுச்சு” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் மாற்றுச் சொல் தேடுவதை நிறுத்த முயன்றேன். எளிதில்லை, பல நாள் வாய் தானாகவே ‘சந்தேகம்’ என்றது. போன மாதம் ஒரு பெரிய பிழை, பணம் இரண்டு முறை கழிந்துபோகிற வகை. அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னேன்: “இதை நான் கண்டுபிடித்தேன்.” அந்தக் கடைசிச் சொல் வெளியே வர எட்டு நொடியாவது ஆகியிருக்கும். ஒருவர் திரையைப் பார்த்தார், ஒருவர் தன் கைகளைப் பார்த்தார். சொல் வந்தது.

முடிந்ததும் மூத்த சக ஊழியர் ஒருவர் தனியாக வந்தார். உண்மையிலேயே அக்கறையானவர். “எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்படறீங்க? ஒரு மெயில் போட்டால் போதுமே, நான் படிச்சுச் சொல்லிடறேன்” என்றார்.

வேண்டாம் சார், அடுத்த கூட்டத்திலும் நானே பேசுகிறேன் என்று சொன்னேன். ‘கூட்டத்தில்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவர் உதடு அசைந்தது. எடுத்துக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.