டொக்கோவாவின் பால் ஆண்டர்சன்

பவர்லிஃப்டிங் எனும் வலுதூக்கல் தனி விளையாட்டாக உருப்பெறுவதற்கு முன்பே, பளுவைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் உலகை வியக்க வைத்தவர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரான டொக்கோவாவில் 1932இல் பிறந்த பால் ஆண்டர்சன். பள்ளம் தோண்டி, அதன் குறுக்கே பளுவைக் கிடத்தி, உள்ளே நின்று தோளால் எக்கித் தூக்குவார். பிறகு சிறிது சிறிதாக மண்ணைத் தள்ளிப் பள்ளத்தைத் தூர்க்கத் தூர்க்க, இன்னும் தாழ உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். இத்தனை எளிமையும் கூர்மையும் கொண்ட பயிற்சி முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1955இல் மாஸ்கோவில் 182.5 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தினார். மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியில் காய்ச்சலோடு களமிறங்கி, அர்ஜென்டினாவின் செல்வெட்டியுடன் மூன்று வகைத் தூக்கல்களின் கூட்டுத்தொகையான 500 கிலோவில் சமநிலை எய்தி, தன் உடல் எடை அவருடையதைவிடக் குறைவு என்பதால் தங்கம் வென்றார். அதனினும் பெரிதாக எனக்குப் படுவது, 1961இல் மனைவி கிளெண்டாவுடன் ஜார்ஜியாவின் விடாலியாவில் அவர் தொடங்கிய இல்லம்தான்; வழிதவறிய சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் ஆளாக்குவதற்காக, ஊர் ஊராகப் போய்ப் பளு தூக்கிக் காட்டிப் பணம் திரட்டினார்.