பத்தடியும் மூவாயிரமும்

"எட்டு எம்.எம். கம்பி, ஆறு இஞ்சுக்கு ஒண்ணு கட்டுங்க." திருநெல்வேலிப் பக்கம் எந்தக் கட்டட வேலைக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். கம்பியின் தடிமன் மில்லிமீட்டர், இடைவெளி அங்குலம். மணல் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இடத்தைச் சென்டில் சொல்வார்கள், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும், பழைய பத்திரமாக இருந்தால் லிங்க்ஸ் என்ற சங்கிலி அளவுகூட இருக்கும். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. கொத்தனார் டேப்பில் இரண்டு அளவும் அச்சடித்திருக்கிறது, அவர் பார்ப்பது அடியும் அங்குலமும்தான். களத்தில் இதனால் யாரும் குழம்புவதில்லை. குழப்பம் வருவது என் மேஜையில், வெளியாள் வரைந்த ஒரு படம் கணினிக்குள் வரும்போது.

கட்டடப் படம் வரைகிற மென்பொருளான ஆட்டோகேடைப் பொறுத்தவரை ஒரு கோட்டின் நீளம் வெறும் எண். 3000 என்றால் 3000, அவ்வளவுதான். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது வரைந்தவர் மனதில் இருக்கிறது. யூனிட்ஸ் பெட்டியில் மில்லிமீட்டரை அங்குலம் என்று மாற்றினால் படம் மாறிவிடும் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஏற்கெனவே வரைந்த ஒரு கோடுகூட அசையாது. அங்கே நாம் ஒட்டுவது ஒரு சீட்டு மட்டும்: இந்தப் படத்தை இன்னொரு படத்துக்குள் கொண்டுவரும்போது எத்தனை மடங்கு ஆக்க வேண்டும் என்பதற்கான சீட்டு. அந்தச் சீட்டு இல்லாத படமும் வரும், தப்பான சீட்டோடு வருகிற படமும் உண்டு.

மில்லிமீட்டர் படம் ஒன்று அங்குலப் படத்துக்குள் அப்படியே வந்து விழுந்தால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் கோபுரம் மாதிரி ஒரு தூண் நிற்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதே இல்லை. அவ்வளவு பெரிய தப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் வருகிற தப்புதான் ஆளைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்த எண் 1.016.

வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெரியவர் வீடு கட்டத் தொடங்கினார். வளைகுடாவில் இருக்கும் மகன், அங்கே தெரிந்த ஓர் ஆர்கிடெக்டிடம் படம் வரைந்து வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல படம், சுத்தமான மில்லிமீட்டர் அளவு. மனையின் சர்வே வரைபடமான புலப்பட நகலில் 18.0, 12.0 என்று மீட்டரில் இருந்ததைப் பார்த்து, மனையையும் 18000-க்கு 12000 என்று சரியாகப் போட்டிருந்தார். கொத்தனாருக்காக அதை அடிக்கணக்கில் மாற்றிக் கொடுப்பது என் வேலை. மாற்றி அச்சடித்துக் கொண்டுபோனேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "தம்பி, இந்த ரூமு பத்துக்குப் பதினாறுன்னுல்லா பையன்ட்ட சொன்னேன். இதுல ஒம்பது அடி பத்து இஞ்சுல்லா இருக்கு?"

ஆர்கிடெக்ட் பத்தடியை 3000 என்றும், பதினாறு அடியை 4800 என்றும் முழு எண்ணாக்கிப் போட்டிருந்தார். அவர் ஊரில் அது சரி. இங்கே அறையின் உள்ளளவு பத்தடி என்றால் பத்தடிதான். மனையடி சாஸ்திரம் அடியில்தான் பேசும். ஒன்பதே முக்காலும் சொச்சமும் அதில் கிடையாது. சாஸ்திரத்தை நம்புவதா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. அந்த அறையில் தூங்கி எழப்போகிறவர் ஓர் அளவு கேட்டால், அது எனக்குத் தூணின் அளவு மாதிரி மீறக்கூடாத அளவு. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

அலுவலகம் திரும்பியதும் கணக்குப் போட்டேன். பத்தடி 3048. அதை 3000-ஆல் வகுத்தால் 1.016. பதினாறு அடி 4876.8. அதை 4800-ஆல் வகுத்தாலும் அதே 1.016. கதவு 900-ஐ இதால் பெருக்கினால் 914.4, அதாவது சரியாக மூன்றடி. எல்லாம் ஒரே எண்ணில் பொருந்தியதைப் பார்த்ததும் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. மொத்தப் படத்தையும் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் ஒரே மடங்கில் பெரிதாக்குகிற ஸ்கேல் கமாண்டில் 1.016 கொடுத்தேன். அறைகள் பத்துக்குப் பதினாறு ஆயின. முன்வாசல் பத்தடி, வீட்டின் நீளம் நாற்பத்தைந்து அடி, பின்பக்கம் ஐந்தடி, எங்கும் உடைசல் இல்லை. மனையின் எல்லைக்கோடும் அந்தத் தேர்வுக்குள் இருந்தது. அதுவும் அறுபதுக்கு நாற்பது என்று அழகாக வந்து நின்றது. முன்பு அந்த இடத்தில் 59 அடியும் அரை அங்குலத்துக்குச் சற்று மேலும் என்று இருந்ததால், அறுபதுதான் எனக்கு நிஜமாகத் தெரிந்தது. முழு எண் அப்படி மயக்கும். 230 மில்லிமீட்டர் சுவர் 233.68 ஆனதைக்கூட நான் கவனிக்கவில்லை. செங்கல் எங்கே போய் வளரும்?

வானம் தோண்டுகிற அன்று காலை ஈசானிய மூலையில் பூஜை முடிந்தது. அந்த மூலையிலிருந்து மேஸ்திரி கயிறு பிடித்து, முளை அடித்து, சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டே மேற்கே போனார். பின்மதில் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். திரும்ப வந்து முதலிலிருந்து அளந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு தடவ பிடிச்சுப் பாத்துட்டேன். மேக்க அஞ்சடி விடணும்னு போட்டிருக்கு, நாலடிதான் கிடக்கு. தெக்கயும் ஏழெட்டு இஞ்சு குறையுது, பாத்துக்கிடுங்க."

மனை பதினெட்டு மீட்டர். அதைப் பேப்பரில் நான் 288 மில்லிமீட்டர் நீட்டிவிட்டேன், கிட்டத்தட்ட ஓர் அடி. மண் அங்கேயே கிடந்தது. பஞ்சாயத்தில் அங்கீகாரம் வாங்கிய படத்தில் பின்பக்கம் ஒன்றரை மீட்டர் விட்டிருந்தது. நான் கொடுத்த படப்படி கட்டியிருந்தால் அது இருந்திருக்காது. செப்டிக் டேங்க் வர வேண்டிய இடமும் அதுதான்.

அங்கேயே பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். "அண்ணாச்சி, தப்பு என்னுது. ரெண்டு நாள் கொடுங்க." அவர் சத்தம் போடவில்லை. நல்ல நேரம் போய்விடக்கூடாது என்று அந்த மூலையை மட்டும் தோண்டச் சொல்லிவிட்டு, மீதிக்குக் காத்திருந்தார்.

அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை செய்கிறேன். எந்தப் படம் வந்தாலும் முதலில் எல்லைக்கோட்டைத் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில் போட்டுப் பூட்டிவிடுவேன். பிறகு அதன் பரப்பைப் பட்டாவோடு ஒப்பிடுவேன். நீளத்தில் 1.6 சதவீதம் ஏறினால் பரப்பில் 3.2 சதவீதம் ஏறும். சின்னத் தப்பு பரப்பில் இரட்டிப்பாகத் தெரியும். அந்த மனை 216 சதுர மீட்டர், சென்டில் ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் மேல். என் அறுபதுக்கு நாற்பதோ ஐந்தரை சென்ட். பட்டாவை ஒரு முறை எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

ஸ்கேன் செய்த படம், வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ இவற்றில் இன்னும் கவனம் வேண்டும். ஓரத்தில் 1:100 என்று எழுதியிருக்கும்; தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடித்திருந்தால் அந்த எழுத்துக்கு மதிப்பே இல்லை. ஸ்கேல் கமாண்டில் ரெஃபரன்ஸ், அதாவது 'இந்தக் கோடு இவ்வளவு நீளம்' என்று கொடுக்கும்போது பலரும் கதவைத்தான் பிடிக்கிறார்கள். மூன்றடிக் கதவில் புள்ளி வைப்பதில் ஓர் அங்குலம் பிசகினால், ஐம்பது அடிச் சுவரில் அது 1 அடி 4 அங்குலத்தைத் தாண்டிவிடும். படத்திலேயே நீளமான, யாராவது டேப் பிடித்து அளந்த ஒரு கோட்டைத்தான் பிடிக்க வேண்டும். சரி செய்த பிறகு, குறுக்கே இன்னொரு அளவை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் இழுத்தும் இருக்கிற ஸ்கேன்கள் நிறைய வருகின்றன.

கல்லிடைக்குறிச்சிப் படத்தை மூல மில்லிமீட்டர் கோப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன். தோண்டிய மூலையை அசைக்க முடியாத புள்ளியாக வைத்துக்கொண்டேன். சுவர் 230-ஆகவே இருக்க, ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக ஸ்ட்ரெட்ச் செய்து உள்ளளவைப் பத்துக்குப் பதினாறு ஆக்கினேன். பின்பக்கம் ஒன்றரை மீட்டர் மிச்சம் வர, சாப்பாட்டு இடத்தில் எட்டு அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. அதைத் தயங்கித்தான் சொன்னேன். பெரியவர் படத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அது கதவில்லாத இடம்லா, அதுக்கு மனையடி பாக்க வேண்டாம்" என்றார்.

பூச்சு முடிந்த பிறகு ஒரு நாள் போயிருந்தேன். மேஸ்திரி ஒரு மூலையில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பெரியவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். பத்தடி. திரும்பி நீளவாக்கில் பிடித்தோம். பதினாறு.