சூடு இல்லக்கா அது

முந்தாநாள் ராத்திரி பத்து மணி இருக்கும், சோத்துப் பாத்திரம் கழுவிட்டு இருக்கேன், போன். எடுத்தா நம்ம அக்கா. பேரு வேணாம், உசிலம்பட்டி பக்கத்து ஆளுன்னு மட்டும் வச்சுக்கங்க. எட்டு வருசம் நானும் அவங்களும் ஒண்ணா பீல்டு சுத்துனோம், மதுரையில ஒரு டிஐ ப்ராஜெக்ட்ல, அதாவது பாலியல் தொழில்ல இருக்கற பெண்களுக்கு ஹெச்ஐவி, பால்வினை நோய் வராம தடுக்குற திட்டத்துல, நான் கவுன்சிலர், அவங்க பியர், அதாவது தானும் தொழில்ல இருந்துகிட்டே மத்த பிள்ளைகளுக்கு காண்டம் குடுக்குறது செக்கப்புக்கு கூட்டிட்டு வர்றதுன்னு பாக்குறவங்க. இப்ப ரெண்டு பேருமே அதுல இல்ல. அவங்க ஒரு மெஸ்ல இட்லி ஊத்துறாங்க, நான் வீட்ல உக்காந்து ப்ளாக் எழுதுறேன்.

"தாயி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடி வயிறு வலி, இடுப்பு வரைக்கும் இழுக்குதாம், காச்ச வேற அடிக்குது. மஞ்ச கவரு தானே?"

எனக்கு சிரிப்பும் வந்துச்சு சங்கடமாவும் இருந்துச்சு. கவரு கலர் இன்னும் மறக்கல பாருங்க.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். அரசாங்கத்துல பால்வினை நோய்க்கு மாத்திரய கலர் கலரா கிட் போட்டு வச்சிருப்பாங்க, மொத்தம் ஏழு. லேப் ரிசல்ட்டுக்கு காத்துகிட்டு இருந்தா அந்தப் பொம்பள திரும்ப வரமாட்டான்றதுக்காக, என்ன அறிகுறியோ அத வச்சு அன்னைக்கே மருந்து குடுத்து அனுப்புற முறை. சாம்பல் கலர்ல கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் சேத்து ஒரே வேளைக்கு மருந்து. பச்சை, நாத்தத்தோட அரிப்போட வெள்ள படுறதுக்கு. வெள்ளை கவர்ல பென்சிலின் ஊசி, வலி இல்லாத புண்ணுக்கு. பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கு நீலம், கொப்புளம் கொப்புளமா வர்ற ஹெர்பிஸுக்கு சிவப்பு, தொடை இடுக்குல கட்டி வந்தா கருப்பு. மஞ்சள் தான் அடிவயிறு வலிக்கு, அதுதான் இருக்கறதுலயே பாடுபடுத்துற கோர்ஸ், 14 நாள் முழுங்கணும், அதுல மெட்ரோனிடசோல் இருக்கறதால சரக்கு தொடக்கூடாது. சரக்கு இல்லாம இந்த வேலைக்குப் போக முடியாதுன்னு சொல்ற பிள்ளைக எத்தன பேரு தெரியுமா, நாலாம் நாள் வலி நின்னதும் மாத்திரய தூக்கி பரண்ல போட்டுருவாய்ங்க.

ஆனா அக்கா கிட்ட நான் சொன்னது, கலர நீங்க முடிவு பண்ணாதீங்க, நாளைக்கே சுகவாழ்வு மையத்துக்கு, அதான் அரசாங்கத்தோட பால்வினை நோய் கிளினிக்குக்கு, கூட்டிட்டுப் போங்க, அந்தப் பிள்ளைக்கு நாள் தள்ளிப் போயிருக்கான்னு மொதல்ல பாக்கணும்னு. கர்ப்பப்பைக்கு வெளிய குழாய்ல கரு தங்கியிருந்தாலும் இதே வலிதான், அது உசுருக்கே ஆபத்து.

நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ரெஜிஸ்டர் வச்சுகிட்டு எல்லார்கிட்டயும் "வெள்ள படுதாக்கா"ன்னு கேப்பேன். பதில் எல்லாருக்கும் ஒண்ணுதான். "சூடு தாயி." மதுரை வெயிலுக்கு அது நம்புற மாதிரியும் இருக்கும். வெந்தயம் ஊற வச்சு குடிச்சேன், மோர் குடிச்சேன், எண்ணெ தேச்சு குளிச்சேன்னு அடுக்குவாங்க. ஒரு அக்கா விளக்குத்தூண் பக்கம் போயி நாலு நாளா ஜிகர்தண்டா குடிச்சிட்டு இருந்திருக்காங்க, குளிர்ச்சியாம்! நான் சிரிச்சேன், அப்பறம் யோசிச்சா அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. நோயின்னு சொன்னா அது மேக நோய், வெட்டைன்னு அசிங்கமான பேரா போயிரும், சூடுன்னு சொன்னா யாருக்கு வேணா வரும், மாமியாகிட்ட கூட சொல்லலாம். அந்த வார்த்தைய பிடுங்கிட்டு நான் என்னத்த குடுத்தேன்? கர்ப்பப்பை வாய் அழற்சிய செர்விசைட்டிஸ்ன்னா அவங்களுக்கு என்ன வெளங்கும். அதனால பேச்ச மெதுவா மாத்திகிட்டேன். தண்ணியா, நாத்தம் இல்லாம, மாசத்துல சில நாள் படுறது உடம்போட இயல்பு. தயிர் திரிஞ்ச மாதிரி, இல்ல பச்சை மஞ்சளா, மீன் வாடை, அரிப்பு எரிச்சல்னு வந்தா அது சூடு இல்லக்கா. இப்படி சொன்னா புரிஞ்சுச்சு.

இதவிட பெரிய தலவலி என்னன்னா அறிகுறியே இல்லாதது. ஆம்பளைக்கு கொனோரியா வந்தா ஒண்ணுக்கு போகும்போது எரிஞ்சு சீழ் வந்து ஓடி வந்துருவான். பொம்பளைக்கு பாதிக்கு மேல ஒண்ணுமே தெரியாது, கிளமிடியா அதவிட மோசம், உள்ளயே இருந்து குழாய அடைச்சு, பின்னாடி பிள்ள இல்லன்னு கோயில் கோயிலா அலையிறப்ப தான் தெரியும். அதுனால தான் மூணு மாசத்துக்கு ஒருக்கா உள்ள பாத்து செக்கப், ஆறு மாசத்துக்கு ஒருக்கா சிபிலிஸுக்கும் ஹெச்ஐவிக்கும் ரத்தம். வலிக்காத உடம்ப கொண்டு வந்து டாக்டர் முன்னாடி படுன்னு சொல்றது இருக்கே, அதுக்கு எட்டு வருசத்துல நான் பேசுன பேச்சுல ஒரு எலெக்சனே ஜெயிச்சிருக்கலாம்.

சிபிலிஸ் தான் இதுல பெரிய கள்ளன். மொதல்ல ஒரு புண்ணு, வலிக்காது, பொம்பளைக்கு உள்ள இருந்தா கண்ணுக்கும் தெரியாது, மூணு வாரத்துலருந்து ஒண்ணரை மாசத்துக்குள்ள தானா ஆறிரும். நாட்டு மருந்து குடுத்தவன் என் மருந்துல தான் ஆறுச்சுன்னு பேரு வாங்கிக்குவான். நோயி ரத்தத்துல பத்திரமா இருக்கும், பின்ன உள்ளங்கை உள்ளங்கால்ல தடிப்பா வரும், அதுவும் மறையும். வயித்துல பிள்ள இருந்தா பிள்ளைக்கும் போகும். இம்புட்டுக்கும் ஆரம்பத்துலயே பிடிச்சா ஒரே ஒருவாட்டி பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்புல இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி. ரெண்டு நாளைக்கு உக்கார முடியாது, அம்புட்டுதான்.

நம்ம அக்காவுக்கே வந்துச்சு. அவங்க சம்மதத்தோட தான் எழுதுறேன், "எழுது தாயி, என் மூஞ்சியவா போடப்போற"ன்னாங்க. அரை வருச ரத்த டெஸ்ட்ல ஒண்ணுக்கு எட்டுன்னு வந்துச்சு (பின்னாடி நம்பர் ஏறுனா நோயி ஏறுது, இறங்குனா மருந்து கேக்குது), ஊசி போட்டோம், அடுத்த தடவ ஒண்ணுக்கு ரெண்டுக்கு இறங்குச்சு, எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த டெஸ்ட்ல ஒண்ணுக்கு முப்பத்தி ரெண்டு. மறுபடி தொத்தியிருக்கு. எனக்கு கோவம்னா கோவம். ஊருக்கெல்லாம் டெமோ காட்டுற ஆளு, மரக்கட்டையில காண்டம் எப்படி மாட்டணும்னு கண்ண மூடிகிட்டு செஞ்சு காட்டுவாங்க, ஒரு கஸ்டமர விட மாட்டாங்க, காசு ரெண்டு மடங்கு தரேன்னாலும் ஒறை இல்லாம வேணாம்னு எந்திரிச்சு வந்துர்ற ஆளு. எப்படிக்கான்னு கத்துறேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "வீட்டுக்காரருகிட்ட எப்படி தாயி கேப்பேன்? ஒறை போடுங்கன்னா, என்னயும் கஸ்டமர் ஆக்கிட்டியான்னு கேப்பாருல்ல"ன்னாங்க.

வீட்டுக்காரருன்னா தாலி கட்டுனவரு இல்ல, பதினோரு வருசமா கூட இருக்கறவரு, லோடு ஆட்டோ ஓட்டுறவரு, தேனிப் பக்கம் வேற குடும்பம் உண்டு. அந்த மனுசன்கிட்ட ஒறை இல்லாம இருக்கறது தான் அக்காவுக்கு வீடு. நாங்க குடுத்த ட்ரெயினிங்ல, பிளிப் சார்ட்ல, எங்கயும் அத பத்தி ஒரு பக்கம் கூட இல்ல. ஒவ்வொரு கூட்டத்துலயும் கஸ்டமர் கஸ்டமர்னு தான் பேசியிருக்கோம், நோயி செருப்ப கழட்டிட்டு உரிமையா வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. அதுக்கப்பறம் என் ரெஜிஸ்டர தூசி தட்டி பாத்தா திரும்ப திரும்ப மருந்து வாங்குன பிள்ளைகள்ல ரொம்பப் பேருக்கு இதே கதை தான்.

அவர செக்கப்புக்கு கூட்டி வர நாலு மாசம் ஆச்சு. வாசல்ல வண்டிய நிப்பாட்டிகிட்டு "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு ஒரே பாட்டு. அக்காவுக்கு ஊசி மேல ஊசி, இவருக்கு ரத்தம் எடுக்கவே மானம் போகுதாம்.

இதுல எனக்கு ஒரு பழைய ஆத்திரம் உண்டு. இந்தியாவுல மொத மொத ஹெச்ஐவி கண்டுபிடிச்சது 1986ல, நம்ம தமிழ்நாட்டுல தான். டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சுகிட்டு இருந்த நிர்மலா, பாலியல் தொழில்ல இருந்த பெண்கள்கிட்ட ரத்தம் எடுத்து வேலூர் சிஎம்சிக்கு கொண்டு போயி டெஸ்ட் பண்ணாங்க. அவங்க செஞ்சது பெரிய வேலை, சந்தேகமே இல்ல, அதுனால தான் நாடே முழிச்சுச்சு. ஆனா அன்னைக்குலருந்து ஜனங்க மனசுல ஒட்டிகிச்சு, இவளுக தான் பரப்புறாளுகன்னு. இவங்களுக்கு யாரு குடுத்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நாடு முழுக்க 2021ல எடுத்த கணக்குல இந்தப் பெண்கள்ல ஹெச்ஐவி 2 சதவீதத்துக்கும் கீழ. பொது ஜனத்துல 0.2 பக்கம், அதோட பாத்தா இன்னும் ஜாஸ்தி தான், இல்லங்கல. ஆனா தெருத்தெருவா காண்டம் பைய தூக்கிட்டு அலைஞ்சு அத அந்தளவுக்கு வச்சிருக்கறதுல இந்தப் பெண்களுக்கு பெரிய பங்கு இருக்கு.

அந்தப் பையும் சும்மா இல்ல. ஒருவாட்டி ராத்திரி ரோந்துல பியரோட பைய கவுத்து, நிரோத் பாக்கெட்ட எண்ணி, "இம்புட்டு எதுக்குடி"ன்னு கேட்டாய்ங்க. யாரு எந்த ஸ்டேசன்னு எழுதல. அதுக்கப்பறம் மூணு வாரம் ஒருத்தியும் ரெண்டுக்கு மேல வாங்கல, பிடிபட்டா அதுவே சாட்சியாயிரும்னு பயம். 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, காண்டம் மாதிரி ஒடம்ப பாதுகாக்க வச்சிருக்கறத குத்தத்துக்கு ஆதாரமா எடுக்கக்கூடாதுன்னு. அந்த உத்தரவ தமிழ்ல ஒரு பக்கமா அடிச்சு, லேமினேட் பண்ணி எல்லார்கிட்டயும் குடுத்தோம். நல்லா யூஸ் ஆச்சு. ஒருத்தி அதுலயே பூ கட்டுற நார வச்சு சுத்தி பையில போட்டுக்குவா, வீட்ல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வேலைக்கு போறேன்னு தான சொல்லியிருக்கா.

அப்பறம் சின்னச் சின்ன விசயம், ஆனா இதுலயே பாதி பேரு தோத்துப்போவாங்க. தேங்காயெண்ணெ தடவாதீங்க, எண்ணெ பட்டா ரப்பர் இளகி கிழிஞ்சிரும், தண்ணி மாதிரி ஜெல் கேட்டா குடுப்பாங்க. உள்ள எலுமிச்சம்பழம், உப்புத்தண்ணி, லோஷன்னு ஊத்தி கழுவாதீங்க, உள்ள காவலுக்கு இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்து கெட்டது குடியேறும். முப்பது தாண்டுனா கர்ப்பப்பை வாய்ல வினிகர் மாதிரி லேசான ஆசிட் தடவி பாக்குற கேன்சர் டெஸ்ட் அரசாங்க ஆஸ்பத்திரியில ப்ரீ, ரெண்டு நிமிசம். ஹெச்ஐவி இருக்கறவங்க அதுக்கும் முன்னாடியே பாத்துக்கணும். போன்ல கேக்கணும்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097.

ஆனா இப்ப எல்லாமே போனுக்குள்ள போயிருச்சு. முன்னாடி பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரவுண்டு நடந்தா பத்து பேர பாத்துறலாம், இப்ப வீட்லருந்தே வாட்ஸப், லொகேசன், ஜிபே. ப்ராஜெக்ட் லிஸ்ட்ல பேரே இல்லாத பிள்ளைக. அக்கா சொன்ன பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். வயசு இருபத்தி மூணு. இதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரிக்கு தனியா போயிருக்கு, "புருசன் எங்க"ன்னு வரிசையில வச்சு சத்தமா கேட்டதும் திரும்பி வந்துருச்சாம்.

நேத்து சாயங்காலம் அக்கா மறுபடி கூப்ட்டாங்க. போயிட்டு வந்துட்டாங்க. கர்ப்பம் இல்ல, மஞ்ச கவரே தான். கூட இருக்கற பயலுக்கு சாம்பல் கவரு குடுத்து விட்டிருக்காங்க, அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டானாம்.

"முழுங்குவானா தாயி?"

"ஒரே வேளை தாங்க்கா, கையில குடுத்துட்டு வராதீங்க, தண்ணியோட நில்லுங்க."

"வாயத் தொறந்து காட்டச் சொல்லணும்"னாங்க. சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க.