பழனி மலைச் சிரிப்பானும் ஒரு முகவரிச் சீட்டும்

கொடைக்கானல் போனவர்கள் பலரும் இந்தப் பறவையைப் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. சாம்பல் நெஞ்சு, செம்மண் நிற வயிறு, கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைப் புருவம், கண்ணை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. பாம்பே ஷோலா என்னும் சோலைக்காட்டு ஓரத்திலும், வட்டக்கானல் போகிற வழியில் வேலிப் புதர்களிலும் குடும்பமாக வந்து இறங்கும். தவிட்டுக்கொய்யா பழுத்துவிட்டால் புதரை விட்டு நகராது. ஒன்று குரல் கொடுத்தால் இன்னொன்று பதில் சொல்லும், அப்புறம் மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பழனி சிரிப்பான் என்கிறோம். அறிவியல் பெயர் மான்டிசின்க்லா ஃபேர்பேங்கி.

அந்தப் பெயரில் இருக்கும் ஃபேர்பேங்க் யார் என்று தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன். நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பார்சல், முகவரி, எடை என்று பேச்சு வந்தால் காது தானாக நிமிரும். இந்தப் பறவையின் கதையே பார்சலும் கடிதமும்தான்.

சாமுவேல் பேக்கன் ஃபேர்பேங்க் அமெரிக்க மிஷனரி. 1822இல் பிறந்தவர், 1846இல் இந்தியா வந்தார். வேலை பார்த்ததெல்லாம் மராட்டி பேசும் பகுதியில், அகமத்நகர் பக்கம். வறண்ட தக்காண பூமி அது. கொடைக்கானலோ அவருடைய சக அமெரிக்க மிஷனரிகள் உண்டாக்கிய மலை ஊர். மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த காலத்தில், உயிர் பிழைக்க ஓர் இடம் தேடி 1845இல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகளை அங்கே கட்டினார்கள். அப்போது பஸ் ரோடு ஏது? பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அந்த மலையில் ஃபேர்பேங்க் பறவை சேகரித்தார். நத்தையும் சேகரித்தார். நத்தைகளில் ஒரு பேரினத்துக்கே ஃபேர்பேங்கியா என்று பெயர் இருக்கிறது. கிடைத்தவற்றில் சில, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த வில்லியம் பிளான்ஃபோர்டின் கைக்குப் போயின. பிளான்ஃபோர்ட் பாறை ஆராய வந்தவர், ஆனால் பறவையும் நத்தையும் அவருக்குப் பாறையை விடக் குறைந்தவை அல்ல. ஃபேர்பேங்க் கொடுத்த பழனி மலைப் பறவைகளில் இரண்டு, அதுவரை யாரும் விவரித்திராதவை என்று அவர் கண்டார். ஒன்றை 1868இல் வெளியிட்டார். கருநீல உடம்பும் வெள்ளை வயிறும் கொண்ட, சோலைக்குள் இருட்டான தரையில் தத்திக்கொண்டிருக்கும் சின்னப் பறவை அது. இன்றைக்கு ஷோலாகிளி என்கிறார்கள். அடுத்த வருடம் வெளியானது நம் சிரிப்பான். அதற்குத்தான் ஃபேர்பேங்கின் பெயரை வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பறவையை அனுப்புவது என்றால் என்ன செய்தார்கள்? பொடிக்குண்டு போட்டுச் சுடுவார்கள். பெரிய குண்டு பட்டால் தோல் கிழிந்துவிடும். விழுந்த உடனே வாயிலும் காயத்திலும் பஞ்சை அடைத்து, ரத்தம் இறகில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். நெஞ்செலும்பின் கீழே தொடங்கி வயிற்றை நீளமாகக் கீறி, தோலை மெல்ல உட்புறம் வெளியே வரும்படி உரிப்பார்கள். கால் எலும்பும் இறக்கை எலும்பும் தோலோடு நிற்கும். மண்டையோடும் நிற்கும், மூளையை மட்டும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உள்பக்கம் முழுக்க ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான், ஆனால் தடவுகிறவனுக்கும் அது விஷம்தான். பிறகு பஞ்சு திணித்து, தைத்து, இறக்கையை மூடி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி நிழலில் காய வைப்பார்கள். ஈரம் அடங்காத மலையில் இதைக் காய வைத்து எறும்பிடமிருந்து காப்பாற்றுவது எவ்வளவு பெரிய பாடாக இருந்திருக்கும் என்று கொடைக்கானலில் மழைக்காலத்தில் துணி காயப் போட்ட யாருக்கும் புரியும்.

இவ்வளவும் செய்த பிறகு காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். இடம், தேதி, ஆணா பெண்ணா. கண்ணின் நிறம், காலின் நிறம் இதையெல்லாம் அன்றைக்கே எழுதியாக வேண்டும். செத்த பறவையில் அவை சீக்கிரம் மங்கிப் போகும். ஆணா பெண்ணா என்பதையும் வயிற்றைத் திறந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், பல பறவைகளில் வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

அந்தக் காலத் தபால் இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. 1854க்குப் பிறகு கால் தோலா (ஏறக்குறைய மூன்று கிராம்) எடைக்குள் இருக்கும் கடிதம் இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் அரை அணாதான். பார்சலுக்கு பாங்கி தபால் என்று தனி ஏற்பாடு; காவடி மாதிரித் தோளில் சுமந்து போவார்கள். தூரத்தைப் பார்க்காத அந்த அரை அணாக் கடிதம் இல்லாமல், ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த பறவைப் பித்தர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டே இருக்க முடியாது என்பது என் எண்ணம். என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை அனுப்புகிறேன், உங்கள் பக்கத்துப் பறவை ஒன்றை அனுப்புங்கள். இதுதான் அவர்களுக்குள் நடந்த பரிமாற்றம். பணத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை.

அந்த வலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸைத் தொடங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஹியூம்தான். 1872இல் ஸ்ட்ரே ஃபெதர்ஸ் என்று பறவைகளுக்கென்றே ஒரு இதழ் தொடங்கினார். ஊர் ஊராக இருந்தவர்கள் அனுப்பிய குறிப்பும் பட்டியலும் கடிதமும்தான் அதன் பெரும்பகுதி. எப்படிச் சுடுவது, உரிப்பது, சீட்டு எழுதுவது என்று 1874இல் ஒரு கையேடும் போட்டார். 1877இல் இந்த இதழில்தான் ஃபேர்பேங்கின் பழனி மலைப் பறவைப் பட்டியல் வந்தது, இருபது பக்கத்துக்கு மேல். நம் மலையின் பறவைகளை வரிசைப்படுத்திச் சொன்ன முதல் எழுத்துகளில் அது ஒன்று என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

ஹியூமின் கதை பாதி துக்கம். பல வருடம் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத ஒரு குளிர்காலத்தில், வேலைக்காரர் ஒருவர் சிம்லா பஜாரில் பழைய பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டார். மனம் விட்டுப்போன ஹியூம் தன் சேகரிப்பை அப்படியே பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். 1885இல் சுமார் 82,000 மாதிரிகள் கப்பலேறின. எழுத்து போயிற்று, ஆனால் ஒவ்வொரு பறவையின் காலிலும் சீட்டு இருந்தது.

அந்தச் சீட்டுக்கு என்ன மதிப்பு என்பது 2017இல் தெரிந்தது. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலானோர் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பறவைகளை மரபணு, பாட்டு, நிறம், உடல் அளவு என்று எல்லா வழியிலும் ஒப்பிட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் வேறு வேறு. தெற்கிலும், செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்து விடும் அச்சன்கோவில் இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று. அப்படிப் பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்குப் போகும்? முதலில் விவரித்த பறவை எந்த இடத்தில் பிடிபட்டதோ, அந்த இடத்துப் பறவைக்குத்தான். ஃபேர்பேங்க் கொடுத்தவை பழனி மலையில் கிடைத்தவை என்று பதிவாகியிருந்ததால், பழனி–ஆனைமலைச் சிரிப்பான் ‘ஃபேர்பேங்கி’ என்றும், ஷோலாகிளி ‘ஆல்பிவென்ட்ரிஸ்’ என்றும் இனப்பெயர் மாறாமல் நின்றன. அச்சன்கோவிலுக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருக்கும் ஷோலாகிளிக்குத் தனிப் பெயரே இல்லாதிருந்தது. அதற்கு அஷாம்புவென்சிஸ் என்று அப்போதுதான் பெயர் வைத்தார்கள்.

என் சர்வீஸில் முகவரிச் சீட்டு கிழிந்த பார்சல்கள் வரும். உள்ளே எவ்வளவு நல்ல பொருள் இருந்தாலும் அது யாருக்கும் சேராது. இடம் எழுதாத பறவைத் தோலும் அப்படித்தான்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இந்தக் காட்டில் தனியாக நடக்கவில்லை. எந்தச் சோலையில் எந்தப் பறவை, எந்த மாதம் எந்தப் பழம் என்று தெரிந்தவர்கள் மலையில் இருந்தார்கள். மூட்டை சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள், புதருக்குள் விழுந்த பறவையைத் தேடி எடுத்துக் கொடுத்தவர்கள். சேகரித்தவர் பெயர் பறவைக்கே வந்துவிட்டது. இவர்கள் பெயர் சீட்டில் ஏறவில்லை. தேதியும் இடமும் கண்ணின் நிறமும் எழுதத் தோன்றிய கைக்கு இன்னொரு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை. ஃபேர்பேங்க் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பழனி மலைக் கிராமங்களில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம், தாத்தாவோ பாட்டனோ துரைமார்களோடு காட்டுக்குப் போனதாக வீட்டில் பேச்சு இருந்தால் எனக்கு எழுதுங்கள். பறவைக்கு அவர்கள் சொன்ன பெயர், சோலையின் பெயர், எது ஞாபகம் இருந்தாலும் சரி. செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாதிரியார்கள் சேர்த்துவைத்த பறவைகளும் விலங்குகளும் இருக்கின்றன. அடுத்த முறை மேலே போகும்போது அவற்றோடு இருக்கும் சீட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன்.