முதுகைப் பார்க்கும் வேலை

ஓவியங்களோடு வேலை பார்த்தேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, "அப்ப நீ நல்லா வரைவியா?" என்பதுதான். எனக்கு வரைய வராது. நான் போட்ட கோலத்தையே அம்மா அழித்துவிட்டு மறுபடி போடுவாள். நான் பார்த்தது, ஓவியத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கும் வேலை.

வட இங்கிலாந்தில் ஒரு நகரம். அந்த ஊருக்குச் சொந்தமான படங்களில் கொஞ்சம்தான் காட்சிக்கூடத்துச் சுவரில் தொங்கும். மீதியெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில், பிடித்து இழுத்தால் தண்டவாளத்தில் ஓடி வரும் கம்பிவலை ரேக்குகளில் மாட்டியிருக்கும். பழைய அட்டைகளில் இருந்த விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், ஏற்றியதைப் படத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். உயரம் முதலில், அகலம் பிறகு. கையெழுத்து எந்த மூலையில், என்ன நிறத்தில். பின்னால் என்னென்ன ஒட்டியிருக்கிறது. கிடங்குக்குள் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். காபி கப்பைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஜூலையிலும் ஸ்வெட்டர்.

முதுகில் நிறைய இருக்கும். வின்சர் அண்ட் நியூட்டன், ராபர்சன் என்று கேன்வாஸ் விற்ற கடையின் முத்திரை. கடை எந்தத் தெருவில் இருந்த காலத்து முத்திரை என்பதை வைத்தே படத்தின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அப்புறம் ஃப்ரேம் போட்டவரின் சீட்டு, கண்காட்சி எண், யாரோ சாக்பீஸால் கிறுக்கிய ஏல எண். அபூர்வமாக, ஓவியரே கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு.

எனக்கு ஒதுக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது வருடங்கள். அதில் பெண்கள் வரைந்த படங்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். படங்களால் ஒரு தொல்லையும் இல்லை, எல்லாத் தொல்லையும் பெயரால் வந்தது.

பெயர் விஷயத்தில் எனக்கே அங்கே பாடு அதிகம். நமக்கு அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து கடைசிக்குப் போய், குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. சம்பளச் சீட்டு அப்பா பெயருக்கு வந்தது. அலுவலக மின்னஞ்சல்கள் அப்பாவுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கின. அவர் சேலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன புதிதில் ஊரில் வேறு மாதிரி. "இன்னும் இனிஷியலை மாத்தலையாம்மா?" என்று ஃபாரம் நீட்டிய இடத்தில் எல்லாம் கேட்டார்கள்.

அதனால்தானோ என்னவோ, லூயிஸ் ஜாப்ளிங்கைப் பற்றிப் படித்தபோது சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல இருந்தது. 1843-இல் மான்செஸ்டரில் பிறந்தபோது அவர் லூயிஸ் கூட். முதல் கணவர் ஃபிராங்க் ரோமர், எனவே திருமதி ரோமர். கணவர் இறந்த பிறகு, 1874-இல் ஜோசப் ஜாப்ளிங் என்ற ஓவியரை மணந்து திருமதி ஜாப்ளிங். அவரும் இறந்துபோக, 1887-இல் ஜார்ஜ் ரோவை மணந்து திருமதி ரோ. ஆனால் ஊர் அறிந்தது ஜாப்ளிங் என்ற பெயரைத்தான். கை ஒன்று, பெயர் நான்கு. இதற்கிடையில் பாரிஸில் படித்து, ஆள் உருவம் வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றி, பெண்களுக்கென்று லண்டனில் ஒரு ஓவியப் பள்ளியும் நடத்தினார். 1883-இல் அவருக்கு வரவிருந்த 150 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) வேலை ஒன்று கைநழுவி, மில்லே என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் போனது. மில்லேக்குக் கொடுத்தது 1000 கினி. இத்தனைக்கும் மில்லே அவருக்கு நண்பர், அவருடைய உருவப்படத்தை வரைந்தவர்!

அடுத்தது எலிசபெத் தாம்சன். போர்க்களங்களை வரைந்தவர். நூல்களிலும் பட்டியல்களிலும் அவர் பெரும்பாலும் லேடி பட்லர். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'ரோல் கால்' 1874-இல், லண்டனில் ஓவியர்களின் பெரிய சங்கமான ராயல் அகாடமியின் கண்காட்சிக்கு வந்தது. கிரிமியப் போர், பனி, சண்டை ஓய்ந்த நேரம். மிஞ்சிய வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி வரிசையாக நிற்க, சார்ஜென்ட் பெயர்ப் பட்டியலோடு கணக்கெடுக்கிறார். இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று பார்க்கும் காட்சி அது, கிட்டத்தட்ட என் வேலைதான். கூட்டம் தாங்காமல் படத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். ஏற்கனவே மான்செஸ்டர்க்காரர் ஒருவருக்குப் பேசி முடித்திருந்த படத்தை விக்டோரியா மகாராணி தனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். சரி, அன்றைக்கு அவர் யார்? மிஸ் தாம்சன். அவர் வில்லியம் பட்லரை மணந்தது 1877-இல்தான். பட்லருக்கு சர் பட்டம் வந்து, அதனால் மனைவி 'லேடி' ஆனது அதற்கும் பல வருடங்கள் கழித்து. 1874-இல் லேடி பட்லர் என்று ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை. ஆனாலும் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் உறுத்துவதில்லை.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மறைக்கப்பட்ட ஓவியர்கள்' என்ற தொடரைத் தாராளமாகப் போடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. போலீஸ் காவல் போட்டுப் பார்த்த படம் எப்படி மறைக்கப்பட்டதாகும்? ஹெலன் ஆலிங்ஹாமின் ஓட்டுவீடுகளும் ரோஜாச் செடிகளும் அவர் காலத்திலேயே நன்றாக விற்றன, 1890-இல் அரச நீர்வண்ண ஓவியர் சங்கம் அவரை முழு உறுப்பினராக்கியது. ஈவ்லின் டி மார்கன் தன் படங்களை விற்று, நஷ்டத்தில் ஓடிய கணவரின் மட்பாண்டத் தொழிலுக்கே முட்டுக்கொடுத்தார்.

அநியாயம் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1768-இல் ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் உண்டு. அதற்குப் பிறகு 1922-இல் ஆனி ஸ்வின்னர்டன் துணை உறுப்பினர் ஆகும்வரை ஒருவரையும் எடுக்கவில்லை. 1879-இல் அந்த உறுப்பினர் தேர்தலில் எலிசபெத் தாம்சன் இரண்டு ஓட்டில் தோற்றார். அகாடமியின் பள்ளியில் பெண் மாணவிகள் ஆடை களைந்த மாடலைப் பார்த்து வரைய 1893 வரை காத்திருந்தார்கள், அதுவும் மாடல் இடுப்பில் துணி சுற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதெல்லாம் கதவைச் சாத்திய கதை. ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வரைந்து, விற்று, பத்திரிகையில் பெயர் வாங்கியவர்கள் பிறகு எங்கே தொலைந்தார்கள்? நான் பார்த்தவரை, பாதிப்பேர் தொலைந்தது என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் கையில்தான்.

அந்தப் பள்ளிக்குள் முதல் பெண் நுழைந்ததே ஓர் எழுத்துத் தந்திரத்தால். 1860-இல் லாரா ஹெர்ஃபோர்ட் தன் சித்திரங்களில் பெயரை எழுதாமல் இனிஷியலை மட்டும் போட்டு அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆகவே மறுக்கவும் வழியில்லை. உள்ளே போக அந்த இனிஷியல் உதவியது. நூறு வருடம் கழித்து அட்டையில் அதே மாதிரி இனிஷியலைப் பார்க்கிற குமாஸ்தாவும் ஆண் என்றுதான் நினைப்பான்.

தொலையவே வாய்ப்பில்லாத ஒருவர் மேரியன் நார்த். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெயரும் மாறவில்லை. பிரேசில், இலங்கை, தென்னிந்தியா என்று சுற்றி மரம், செடி, பூ என 800-க்கும் மேல் வரைந்தார். அவற்றை மாட்ட லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் சொந்தச் செலவில் ஒரு கட்டடம் கட்டி, 1882-இல் திறந்தும் வைத்தார். பார்க்க வருகிறவர்களுக்கு டீ, காபி கொடுக்க வேண்டும் என்று கேட்டார், தோட்டத்தார் ஒப்பவில்லை. வாசல் பக்கத்தில் டீச்செடியையும் காபிச்செடியையும் வரைந்து வைத்துவிட்டார். லீவு நாளில் அதைப் பார்க்கப் போயிருந்தேன். தரையிலிருந்து அரை ஆள் உயரத்துக்கு மரப்பலகை, அதற்கு மேல் கூரைவரை இடைவெளியே இல்லாமல் படங்கள். கட்டடத்தின் பெயரே அவர் பெயர். எந்த அட்டை அவரை என்ன செய்ய முடியும்?

எல்லோருக்கும் அந்த வசதி இருக்கவில்லை. இனி என் தப்புக்கு வருகிறேன்.

கணவன், மனைவி இருவருமே ஓவியர்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. இருவரின் முதல் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த அம்மா தன் இனிஷியலையும் கணவர் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். கணினியில் அந்தப் பெயர் இரண்டு தடவை இருந்தது. ஒன்றில் ஆண்டுகள் உண்டு, இன்னொன்றில் வெறும் பெயர். ஒரே ஆளை இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த வாரம் அப்படி நாற்பது பதிவுகளைச் சுத்தம் செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். 'இணை' பொத்தானை அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது, உறுதி என்றேன். பதினொரு படங்களும் கணவர் பெயருக்குப் போய்ச் சேர்ந்தன.

நான்கு மாதம் கழித்து, சரிபார்க்கும் முறை அந்த ரேக்குக்கு வந்தது. சமையலறை ஜன்னல் ஓரத்தில் பட்டாணி உரிக்கும் சிறுமி. சின்னப் படம். மடியில் பச்சை, விரல் நகத்தில் கொஞ்சம் பச்சை. மேசையில் முகம் கீழாக வைத்துத் திருப்பினேன். கேன்வாஸை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெச்சர் கட்டையில் பழுப்பேறிய சீட்டு. மையில், சாய்ந்த எழுத்தில், அந்த அம்மாவின் முழுப்பெயர். கீழே முகவரி, படத்தின் தலைப்பு. கடைசி வரியில் விலை, 25 கினி. அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 18 என்று எழுதியிருந்தார். அந்தக் கோடு நேராக இல்லை. டார்ச்சை அணைக்காமல் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த பெண்மணி, திட்டவில்லை. "இணைத்தால் திரும்பப் பிரிக்க அந்த மென்பொருளில் வழி கிடையாது. பதினொன்றையும் திருப்பிப் பார்" என்றார். பிறகு கதவுக்கு வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டரை வாரம் ஆனது. நான்கு படங்களில் சீட்டு இருந்தது, அவை சுலபம். மற்றவற்றுக்குக் கையெழுத்தை லென்ஸில் பார்த்தேன், முத்திரைகளை ஒப்பிட்டேன். கணவர் கேன்வாஸ் வாங்கியது எப்போதும் ஒரே நல்ல கடையில். மனைவியின் கேன்வாஸ்கள் மூன்று வெவ்வேறு கடைகளுடையவை, ஒன்று வேறு ஏதோ படத்தின் மேலேயே தீட்டியது. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் கீழே இருக்கும் பழைய தூரிகைத் தடம் குறுக்கே ஓடுவது தெரியும். கடைசியில் ஆறு மனைவியுடையவை, நான்கு கணவருடையவை என்று முடிவானது.

மிஞ்சியது ஒன்று. தண்ணீர் வடிந்த கடற்கரை, ஒதுங்கிய படகு, ஆள் யாரும் இல்லை. மூலையில் பெயிண்ட் உரிந்து, இனிஷியலும் குடும்பப் பெயரில் பாதியும்தான் பாக்கி. திருப்பினால் வெள்ளையாக இருந்தது. எப்போதோ பழுது பார்த்தவர் கிழிந்த கேன்வாஸைக் காப்பாற்ற, பின்னால் முழுசாகப் புதுத்துணி ஒட்டியிருக்கிறார். நல்ல வேலைதான். சீட்டோ முத்திரையோ இருந்திருந்தால் அதற்கு அடியில் இருக்கும்.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்கு விடாது. யாருடைய முதல் பெயரும் இல்லாமல், குடும்பப் பெயரை மட்டும் போட்டுச் சேமித்தேன். ஆகவே பட்டியலில் இப்போது அந்தப் பெயர் அடுத்தடுத்து மூன்று முறை வரும். என் இடத்துக்கு வருகிறவர் பார்த்தால், ஒரே ஆளை மூன்று தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஒப்பந்தம் முடிந்த நாளன்று மறுபடி அந்தப் பதிவைத் திறந்து, குறிப்புக் கட்டத்தின் முதல் வரியில் ஐந்து நட்சத்திரக் குறி போட்டு, 'தயவுசெய்து இணைக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு வந்தேன்.