செவலைக்கு ஒரு வீடு: நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு

தெருநாய்கள் தொடர்பாக டெல்லி வட்டாரத்துக்கு ஆகஸ்ட் 11 அன்று பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் நேற்று முன்தினம் மாற்றியமைத்திருக்கிறது. பிடித்த நாய்கள் அனைத்தையும் காப்பகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. இப்போது கருத்தடையும் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் முடிந்த பின், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர்த்து, மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று ஆகியுள்ளது. தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய பொறுப்பு என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கும் தெருநாய் செவலைக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அவளுக்கு வயது ஏறத்தாழ இரண்டு. மேடவாக்கத்துக்கு அப்பால் அடுக்குமாடி ஒன்று எழுந்துகொண்டிருந்த இடத்தில் பிறந்து, அங்கிருந்த காவலாளி போட்ட சோற்றில் வளர்ந்தவள். கட்டடம் முடிந்து அவர் அடுத்த வேலையிடத்துக்குப் போனதும் கதவு அடைபட்டது. சாலைக்கு வந்தவளை ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போனது. பின்னங்கால் முறிவுக்குத் தகடு வைத்து, கருத்தடையும் செய்து, வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ள எங்களிடம் தந்திருக்கிறார்கள். கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். அது நியாயமானதும்கூட. தடுப்பூசி போட்ட நாய்கள் ஓரிடத்தில் நிலைத்திருந்தால் போடாத வெளிநாய்கள் அங்கே எளிதில் வந்து குடியேறுவதில்லை. ஆனால் செவலைக்குத் திரும்பிப் போக அந்த இடமே இல்லை.

சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குதான் அவள் இருப்பிடம். யாராவது உள்ளே நுழைந்தால் உடல் தரையோடு படிகிறது, காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. முகத்தைத் திருப்பாமல் விழியை மட்டும் திருப்பிப் பார்ப்பதால் கண்ணோரத்தில் வெள்ளைப் பிறை தெரிகிறது, நாக்கு மூக்கின் நுனியைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது. உறுமுவதில்லை, கடிக்க வருவதும் இல்லை என்பதால் பார்ப்பவர்கள் ‘சாதுவான நாய்’ என்கிறார்கள். தப்பியோட வழியில்லாத பிராணி உறைந்துபோய் இருக்கும் நிலை இது. மேலும் நெருக்கினால் கடியில் முடியவும் கூடும். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு விளக்கை அணைத்து வெளியே வந்தால், நடுநிசிக்கு மேல் தட்டு நகரும் சத்தம் கேட்கிறது.

செப்டம்பர் 3, புதன்

கால் நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. வலியோ நோயோ இருக்கும்போது பயம் கூடும் என்பதால், வீடு தேடத் தொடங்குமுன் இதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

இன்று தத்து அறிவிப்பை எழுதினேன். வழக்கமான அறிவிப்புகளில் அழகான படமும், ‘அன்பான வீடு தேவை’ என்ற வரியும், கடைசியில் சின்னதாக ‘கொஞ்சம் கூச்ச சுபாவம்’ என்பதும் இருக்கும். கொஞ்சம் கூச்சம் என்று நம்பி அழைத்துப்போனவர்கள், கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வராத நாயைப் பார்த்து ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிடுவதை, நாய்களுக்கு வீடு தேடித்தரும் எங்கள் குழுவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்த நாய்க்கு மனிதர்கள் மேலிருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் கரைகிறது. ஆகவே குறைகளை முதலில் வைத்தேன்: ‘தொட விடமாட்டாள். கூப்பிட்டால் வரமாட்டாள். துடைப்பம், தலைக்கவசம், குடை எதைக் கண்டாலும் ஓடி ஒளிவாள். சில மாதங்களுக்கு உங்களிடம் அன்பு காட்டாமலே இருக்கலாம். தரைத்தள வீடும், சுற்றுச்சுவரும், சாந்தமான இன்னொரு நாயும் இருந்தால் நல்லது. சிறு குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம்.’

குழுவில் இருக்கும் கல்லூரி மாணவி படித்துவிட்டு, “இப்படி எழுதினா யாருக்கா வருவாங்க?” என்றாள். நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் விருப்பமில்லை என்றேன். படத்தை மட்டும் அவள் தேர்ந்தெடுத்தாள். அதில் செவலை உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அழைப்புகள் வருகின்றன. அறிவிப்பைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் குறைவு. திண்டிவனம் பக்கம் மாந்தோப்புக்குக் காவல் வேண்டும் என்றார் ஒருவர். பகலில் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவாராம். சிப்பிப்பாறைக் கலப்பா என்று கேட்டு, இல்லை என்றதும் வைத்துவிட்டார் மற்றொருவர். பைரவருக்குப் பரிகாரமாகக் கறுப்பு நாய் வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு பெரியவர் மிகுந்த மரியாதையுடன் விசாரித்தார். கறுப்பு நாய்களை யாரும் சீக்கிரம் தத்தெடுப்பதில்லை என்பதால், வேறு குழுவிடம் இருக்கும் இரண்டு கறுப்புக் குட்டிகளின் விவரத்தை அவருக்கு அனுப்பினேன்.

மறுப்பதற்குக் கடினமாக இருந்தது தாம்பரத்துப் பெண் ஒருவரைத்தான். நல்ல வேலை, தனி வீடு, நாய்களிடம் உயிரையே வைத்திருப்பவர். போன ஆண்டு வளர்த்த நாய் இறந்துவிட்டது. செவலையைப் பார்க்க வந்தவர் இடுக்கின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணீர் தளும்ப, “வாடா கண்ணு, அம்மாகிட்ட வா” என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நேருக்கு நேர் பார்ப்பதும், மேலிருந்து குனிவதும், நீளும் கையும் பயந்த நாய்க்கு மிரட்டலாகவே படும் என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் கையை இறக்கவில்லை. செவலை அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டாள். அவரிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தன் துக்கத்துக்கு உடனடியாக ஆறுதல் தரும் ஓர் உயிரை அவர் தேடுகிறார், அந்த வேலையைச் செவலையால் செய்ய முடியாது. மனிதர்களைக் கண்டால் மடியில் ஏறும் சுபாவமுள்ள ஒரு நாயை அவருக்குப் பரிந்துரைத்தேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

முன்னேற்றம் இருக்கிறது. ஈரலை வேகவைத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டு, அறையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, அவளுக்குப் பின்புறம் விழுமாறு ஒன்று எறிகிறேன். அவள் என்னைவிட்டு விலகிப்போய் எடுத்துத் தின்றுவிட்டு, தானாக ஓரடி முன்னால் வருகிறாள். உணவைக் கையில் வைத்து ஆசைகாட்டி அருகே வரவழைப்பதுதான் பலரும் செய்வது. பசி அவளை முன்னே இழுக்கும், பயம் பின்னே இழுக்கும், தின்று முடித்த கணத்தில் தான் எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று உணர்ந்து திடுக்கிட்டு ஓடுவாள். விலகிச் செல்ல வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நெருங்கி வரும் துணிவு பிறக்கிறது. நேற்று மாலை என் பாதத்தை முகர்ந்தாள். நான் அசையவில்லை.

வெளியே அழைத்துச் செல்லும்போது இரண்டு வார்கள். ஒன்று இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் கழுத்துப்பட்டையில், மற்றது மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில். மிரண்ட நாய் பின்னோக்கி இழுக்கும்போது சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியாக நழுவிவிடும். அப்படித் தப்பிய நாயைத் துரத்திப் பிடிக்க எவராலும் இயலாது.

அக்டோபர் 5, ஞாயிறு

வேளச்சேரியில் ஆறாம் தளத்துக் குடும்பம் ஒன்று ஆர்வம் காட்டியது. நாய் வளர்க்கத் தடைவிதிக்கக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதால், சங்கம் ஒரு பிரச்சினை இல்லை. மின்தூக்கிதான் பிரச்சினை. நாளுக்கு நான்கு முறை, அந்நியர்களோடு ஓர் இரும்புப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். வேண்டாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தீபாவளி முடியும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்தோம். காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரைதான் வெடிக்கலாம் என்பது அரசின் உத்தரவு. எங்கள் தெரு அதை எப்படிக் கடைப்பிடிக்கிறது என்பதை எழுதாமல் விடுவதே பண்டிகை நாளுக்கு மரியாதை. மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைச் சத்தம் தொடங்குவதற்கு வெகுமுன்னரே கொடுத்து, ஜன்னலில்லாத உள்ளறையில் மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டேன். ஆறுதல் தந்தால் பயம் பழக்கமாகிவிடும் என்று சிலர் சொல்வதில் பொருளில்லை. பயம் என்பது பரிசுக்காகச் செய்யும் செயலன்று. இரவு ஒன்பது மணிக்கு நடுங்கிக்கொண்டே வந்து என் முழங்காலில் முதுகைச் சாய்த்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஐம்பதைக் கடந்தவர், வீட்டிலேயே தையல் தொழில், மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் ஏழு வயது ஆண் நாய் ஒன்று இருக்கிறது. அறிவிப்பை முழுவதும் படித்ததோடு, சுவரின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

செவலை இருந்த அறைக்கு அழைத்துச் சென்றேன். ஒருமுறை பார்த்துவிட்டு, வாசற்படியோரம் பக்கவாட்டாக உட்கார்ந்து, பையிலிருந்து ரவிக்கைகளை எடுத்து ஹூக் தைக்கத் தொடங்கிவிட்டார். “நாம கூப்பிட வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் என் வேலையைப் பாக்கறேன்” என்றார். ஊசியை இழுப்பதும், நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும், அடுத்த ரவிக்கையை எடுப்பதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. செவலை இடுக்கைவிட்டு வெளியே வந்து, தைத்துப்போட்ட ரவிக்கையின் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் அப்போதும் தலை நிமிரவில்லை. என் வரையில் அன்றே முடிவாகிவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டைப் பார்த்து வந்தோம். துணி கொடுக்க வருபவர்கள் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள், பின்கட்டுக்கும் தெருவுக்கும் இடையில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. வாயிற்கதவின் கீழிடைவெளி மட்டும் அதிகம். கம்பி வலை அடித்துவிடுவதாகச் சொன்னார், புதன்கிழமையே அடித்துப் படமும் அனுப்புவாராம்.

பேருந்து நிலையம், மருத்துவமனை, பள்ளி வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 7ஆம் தேதி உத்தரவிட்டதிலிருந்து, எங்களைப் போன்றோரிடம் இடம் கேட்டுத் தொலைபேசி ஓயவில்லை. செவலையை உடனே அனுப்பிவிட்டால் ஓரிடம் காலியாகும் என்று குழுவில் ஒருவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வலை அடித்த பிறகே அனுப்புவது என்று நின்றோம்.

நவம்பர் 16, ஞாயிறு

துணி போர்த்திய கூண்டில் காரில் அழைத்துச் சென்றோம். வீட்டுக்குள் போகுமுன், இரண்டு நாய்களையும் இடைவெளி விட்டு ஒரே திசையில் மண்சாலையில் நடக்கவைத்தோம். அக்காவின் நாயான கிழவன் அவளை ஒருமுறை முகர்ந்துவிட்டு வேலியோரத்தைக் கவனிக்கப் போய்விட்டான். முதல் நாள்களில் ஓர் அறை போதும், குளிப்பாட்ட வேண்டாம், உறவினரை அழைத்துக் காட்ட வேண்டாம், வீட்டுக்குள்ளும் வார் தொங்கட்டும் என்று சொல்லி, அவள் படுத்த துவைக்காத போர்வையையும், அவள் தின்னும் உணவின் பட்டியலையும் தந்தேன். மூன்று மாதம் வளர்த்துப் பார்த்துவிட்டுப் படிவத்தில் கையொப்பமிட்டால் போதும் என்பது ஏற்பாடு.

நவம்பர் 19, புதன்

“சாப்பிடல. தையல் மெஷினுக்கு அடியில இருக்கா. நான் காலை அந்தப் பக்கம் வைக்காம தைக்கறேன்” என்று குரல்பதிவு வந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதில் அனுப்பினேன். இரவு, கிழவன் சாப்பிடும்போது அவளும் வந்து சாப்பிட்டதாக இன்னொரு பதிவு.

டிசம்பர் 14, ஞாயிறு

கார்த்திகைக்குத் தெருவில் வெடித்த சில வெடிகளுக்கு உள்ளே ஓடியவள், கிழவன் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்துத் தானும் அவனருகே படுத்துக்கொண்டாளாம். இப்போது அக்காவின் பின்னாலேயே பின்கட்டுவரை நடக்கிறாள், அக்கா திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுகிறாள். தொட்டுத் தடவ இன்னும் விடவில்லை. அதற்காக அவர் வருந்துவதாகவும் தெரியவில்லை.

மூன்று மாதம் எதற்கு, படிவத்தை இப்போதே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார், அனுப்பிவிட்டேன். அடுத்த வெறிநோய்த் தடுப்பூசி ஆகஸ்டில்தான் என்றாலும், வாய்மூடி போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அதற்குள் கற்றுத்தர வேண்டும். ஜனவரியில் நானே போய்த் தொடங்கிவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.